மூச்சு மிஷின்

ஜூன் 9

அண்ணி,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

ஆய்விதழில் வந்த உங்கள் கட்டுரையைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர்தான் கொண்டுவந்து காட்டினார். “இது நீங்க பழைய இடத்துல செஞ்சுக்கிட்டிருந்த வேலைதானே? உங்க பேரு எங்கேயுமே காணோமே?” என்றார். இருக்கிறது, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். திருப்பிப் பார்த்தார். நன்றி சொல்லும் இடத்தில் கண்ணாடிக் குழாய் ஊதிக் கொடுத்தவர் முதலில், கணினியைப் பழுது பார்த்தவர் அடுத்தது, அதற்கும் அடுத்தது நான். ‘சிறு உதவிகளுக்காக.’ மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார், பாவம். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர் மாதிரி.

அந்தச் சிறு உதவி என்ன என்று உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். மறந்திருக்க நியாயமில்லை. ஆனால் அன்று மாலை நீங்கள் வீட்டில் இல்லை, கருத்தரங்குக்குப் போயிருந்தீர்கள்.

உங்கள் மகளுக்கு, என் பூனைக்குட்டிக்கு, இரைப்பு. (அவள் மூச்சு கர்கர் என்று இரைவதைக் கேட்டு நான் வைத்த செல்லப் பெயர் அது. அதையாவது என் பெயரில் விட்டுவைத்திருக்கிறீர்களா?) மடியில் வைத்துக்கொண்டு மூச்சு மிஷினின் முகமூடியை அவள் மூக்கில் பிடித்திருந்தேன். மருந்துப் புகை ஓரத்தால் கசிந்து அவள் நெற்றியில் படிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தேன். எண்ணெய் மேல் அந்தப் புகை பொடிப்பொடித் துளியாக நின்றது, ஒன்றோடொன்று சேரவே இல்லை. நான் குழந்தையைப் பார்க்கிறேனா நெற்றியைப் பார்க்கிறேனா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். “அத்தை, என்ன பாக்கறே?” என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள்.

நாம் இருவரும் அப்போது எதில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தோம்? எண்ணெயில் கரைகிற பொருள் ஒன்று, தண்ணீரில் கரைகிற பெராக்சைடு ஒன்று. இரண்டும் கலக்காது. தொடுகிற இடத்தில் மட்டும்தான் வினை நடக்கும். காலையில் கலக்கப் போட்டால் மாலையில் பாதிகூட ஆகியிருக்காது. இல்லையென்றால் நடுவில் ஒரு தரகரைப் போட வேண்டும், இங்கேயும் அங்கேயும் ஓடி இரண்டையும் சேர்த்துவைக்கிற மூன்றாவது பொருள். வேலை முடிந்தபின் அந்தத் தரகரை வெளியே அனுப்புவது பெரும்பாடு. தண்ணீரைப் புகையாக்கிவிட்டால் என்ன என்று எனக்கு அந்த நெற்றியைப் பார்த்துத்தான் தோன்றியது. ஒரு கரண்டித் தண்ணீர் அவ்வளவு பொடியானால், அதன் மேல்தோலை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு சின்ன அறையின் தரையே ஆகும். தொடுவதற்கு அத்தனை இடம்.

நீங்கள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். “தரகர் இல்லாத கல்யாணம் அண்ணி!” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். “குழந்தை சாப்பிட்டாளா?” என்றீர்கள். மறுநாள் அதே ரக மிஷின் இன்னொன்றை வாங்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் மிஷினின் பெராக்சைடுப் புகை, ஒரு பக்கம் சாதாரணத் தெளிப்பானின் எண்ணெய்ப் புகை, நடுவில் கண்ணாடிக் குழாய். குழாயின் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் வினை முடிந்துவிட்டது. அதைப் பார்த்து நான் கத்திய கத்தலுக்கு மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தார்.

கட்டுரையில் ‘நான் இதைக் கவனித்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதை, எப்போது, எங்கே நின்று?

போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். அண்ணன் கையில் போனைக் கொடுத்து, “என்னம்மா கோவமா?” என்று கேட்க வைக்கவும் வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சிறு உதவி செய்தவள்


ஜூன் 20

என் அருமை நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. உன் அண்ணன் என்ன என்று கேட்டார், தலைவலி என்று சொல்லி வைத்தேன். நம் இருவருக்குள் இருப்பதை அவரிடம் கொண்டுபோவானேன்?

முதலில் பூனைக்குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, அதை உனக்குத்தான் அனுப்ப வேண்டுமாம், தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். இரைப்பும் முன்புபோல் இல்லை. நீ இருந்தபோது அவள் மிஷினில் ஊற்றுகிற சலைன் குப்பி வாரம் ஒரு பெட்டி தீர்ந்துகொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? இப்போது ஒரு பெட்டி மாதக்கணக்கில் வருகிறது. உடம்பு தேறுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் பெயரைப் போடத்தான் நினைத்தேன். நம் துறைத் தலைவர்தான், வேலையை விட்டுப் போனவரைக் கட்டுரையில் சேர்த்தால் வீண் கேள்விகள் வரும் என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் பேச்சை மீற என்னால் முடியுமா, நீயே சொல். அடுத்த கட்டுரையில் உன்னை முதலில் போடுவது என்று அன்றைக்கே மனத்தில் முடிவு செய்துகொண்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்புதான் என்று வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. நெற்றியில் துளியைப் பார்த்தது நீ. அதை ஊருக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி எழுதி, படம் போட்டு, கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு வருஷம் நாயாய் அலைந்தது யார்? நீ நினைத்ததை எல்லாம் உடனே மறந்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவள். உன்னை எனக்குக் கல்லூரியிலிருந்தே தெரியும். நான் உட்கார்ந்து முடிக்கிறவள். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு இல்லையா?

ஒரு வீட்டுக்குள் யார் பெயர் வந்தால் என்ன? நம் வீட்டுக்குத்தானே பெருமை. மெயிலில் இதையெல்லாம் மனம்விட்டு எழுத முடியாது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கோபத்தை விட்டுவிடு.

உன் அண்ணி


ஜூன் 28

அண்ணி,

மெயிலில் எழுதினால் நாளைக்கு யாராவது எடுத்துக் காட்டிவிடலாம். அதனால்தான் தபால். என்னிடமே இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

துறைத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லையா? யார், நம் சரிசரியா? கூரை ஒழுகுகிறது என்றாலும் “சரி சரி”, கூரையே வேண்டாம் என்றாலும் “சரி சரி” என்கிற மனிதர். கடைநிலை ஊழியர் தன் மாமனாரின் பல்செட்டை ஆய்வகத்தில் தேய்த்துக் கழுவ அனுமதி கேட்டபோதுகூட “சரி சரி” என்றவர். பிறந்ததிலிருந்து யாரிடமும் மாட்டேன் என்று சொல்லாதவர், என் பெயருக்கு மட்டும் சிங்கம்போல எழுந்து நின்றாராக்கும்.

இன்னொன்று. இங்கே என்னை வேலைக்குச் சேர்த்த அம்மா நேற்று தேநீர் குடிக்கும்போது உங்களைப் புகழ்ந்து தள்ளினார். “உங்க அண்ணி தங்கம்ங்க. எப்பச் சேத்துக்கறீங்க, சீக்கிரம் சேத்துக்குங்கன்னு விடாம போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. நாத்தனாருக்காக இவ்வளவு யார் பண்ணுவாங்க?” என்றார். நானும் தலையாட்டினேன். வேலைக்குச் சிபாரிசு செய்தது நீங்கள். பெட்டி கட்ட உதவியது நீங்கள். “போயிட்டு வாம்மா, இந்த மாதிரி வாய்ப்பு திரும்ப வராது” என்று ரயிலடியில் கண் கலங்கியதும் நீங்கள்தான். நான் அழுதுகொண்டே வந்தேன். அதே மாதம் கட்டுரையை அனுப்பியிருக்கிறீர்கள், தேதி அதிலேயே அச்சாகியிருக்கிறது. அன்று உங்கள் கண் எதற்குக் கலங்கியது என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பெயர் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

அண்ணனுக்கு உங்களைக் காட்டியவள் நான். “என் ஃபிரண்டு ஒருத்தி இருக்கா, அவளை மாதிரி ஒருத்தி உனக்குக் கிடைக்கவே மாட்டா” என்று அவனிடம் சொன்னவள் நான். கல்யாணம் முடிந்த அன்றே அம்மா என்னைக் கூப்பிட்டு, “இனிமே வாடி போடின்னு பேசாதே, உனக்கு அண்ணி” என்றாள். நான் உங்களை நீங்கள் என்றேன். நீங்கள் என்னை நீ என்றே சொன்னீர்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பல்லை அனுப்பச் சொல்லுங்கள்.


ஆகஸ்ட் 17

அன்பு நாத்தனாருக்கு,

நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். பல் வந்து சேர்ந்திருக்கும். அவளே ஒட்டிய தபால்தலை, தலைகீழாக இருந்திருக்குமே.

இங்கே மழை. ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்கள். பழைய சாமான்களை அள்ளிக் கொட்டும்போது உன் மூச்சு மிஷினையும் யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள், பச்சை நாடா ஒட்டிய அந்த மூடி மட்டும் ஜன்னலோரம் கிடந்தது. நமக்குத்தான் இப்போது பெரிய மிஷின் வந்துவிட்டதே. அலமாரி அளவுக்கு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அறையே மேகமாகிவிடும்.

அதில் ஒரு சின்ன விஷயம். உன்னிடம் கேட்கலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நாம் செய்ததை வேறொரு ஊர் ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். வரவில்லையாம். சும்மா கலக்கி வைத்தால் என்ன வருமோ அதுதான் வருகிறதாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கை சரியில்லாதவர்கள் என்று நினைத்தேன். பிறகு நானே பெரிய மிஷினில் செய்து பார்த்தேன். வரவில்லை. மறுபடி செய்தேன். பெராக்சைடை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், தண்ணீரை மூன்று தடவை வடித்து எடுத்தேன். துளி எல்லாம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் குழாயில் பாதி தூரம் இறங்குவதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விடுகிறது. நாம் பார்த்தபோது அப்படி ஆகவே இல்லை.

நீ ஏதாவது தனியாகச் செய்தாயா? குறிப்பேட்டில் நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை. அக்டோபர் முதல் வாரம் வெளியிலிருந்து ஒரு குழு நேரில் பார்க்க வருகிறது. அவர்கள் முன்னால் வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். நாம் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். நம் இருவர் மானமும் இதில்தான் இருக்கிறது.

குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அத்தை எப்போது வரும் என்று.

அண்ணி


ஆகஸ்ட் 25

அண்ணி,

கட்டுரை வந்தபோது ‘நான்’. கட்டுரை கவிழும்போது ‘நாம்’. நல்ல கணக்காக இருக்கிறதே.

என்ன செய்தேன் என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் கையால் செய்ததாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்? உங்கள் கையைக் கேளுங்கள்.

எனக்குத் தெரியும். கட்டுரையில் ஒரு வரியைப் படித்தபோதே தெரியும், இது வேறு யாருக்கும் வராது என்று. சிறு உதவி செய்தவளுக்கு மட்டும் தெரிகிற சிறு விஷயம் அது. ஜூன் மாதமே எழுதியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். நான் ஒன்றும் புத்தர் இல்லை.

பேரம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. சரிசரியிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த எண்ணம் யாருக்கு வந்தது, யார் செய்தது என்று உள்ளபடி சொல்லி, ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்புங்கள். எனக்கு முதலிடம் வேண்டும் என்றுகூட இல்லை, எனக்கு உரிய இடம் வேண்டும். அடுத்த வேலைக்கு நான் எங்கே போய் நின்றாலும் என் கையில் காட்ட இருப்பது இது ஒன்றுதான். இது இல்லாவிட்டால் நான் இத்தனை வருஷமாக அண்ணன் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தவள், அவ்வளவுதான்.

அனுப்பிவிட்டேன் என்று எழுதுங்கள். அன்றைக்கே சொல்கிறேன்.


செப்டம்பர் 3

என் கண்ணே,

செய்துவிட்டேன். நேற்று காலையில் துறைத் தலைவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். உன் பெயர்தான் முதலில். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். திருத்தம் இந்த வாரமே ஆய்விதழுக்குப் போகிறது.

எனக்கு எவ்வளவு பாரம் இறங்கியது தெரியுமா? உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏதோ ஒரு பயம். உனக்கு எண்ணம் மழை மாதிரி கொட்டும், எனக்கு அப்படி இல்லை. வயதும் ஆகிறது. இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று ஒரு அற்பத்தனம். மன்னித்துவிடு.

நீ இன்னும் நம்பமாட்டாய் என்று தெரியும். பூனைக்குட்டி இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். அவள் தலையில் கை வைத்துச் சொல்கிறேன், உன் பெயர் போகிறது. இதற்கு மேல் ஒரு தாய் என்ன சொல்ல முடியும்?

இனி நீ சொல்லலாம் இல்லையா? அக்டோபர் நெருங்கிவிட்டது.

உன் அண்ணி

(இதன் கீழே பூனைக்குட்டியே எழுதியிருக்கிறாள்: அத்தே, எனக்கு ரெண்டாவது பல்லும் ஆடுது. நீ வந்து பாரு.)


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

குழந்தையின் தலையில் ஏன் கை வைத்தீர்கள்? வெறும் வார்த்தையாகச் சொல்லியிருந்தாலே நம்பியிருப்பேன். உங்களை நம்பாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். இந்த மூன்று மாதமும் அதுதான் பாடாய்ப் படுத்தியது.

விஷயம் ஒன்றுமில்லை, உப்பு. சிரிக்காதீர்கள். அவளுடைய சலைன் குப்பியில் இருக்கிற உப்பு நீர்.

நம் சின்ன மிஷினில் சுத்தமான தண்ணீரை ஊற்றினால் வேலை செய்யாது. சிவப்பு விளக்கு எரியும், கீச்சென்று கத்தும், நின்றுவிடும். துளியூண்டு உப்பாவது இருந்தால்தான் கிண்ணத்தில் ஏதோ இருக்கிறது என்றே அதற்குத் தெரியும். முதல் நாள் ஆய்வகத்தில் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். கைப்பையில் பூனைக்குட்டியின் குப்பி நாலைந்து கிடந்தது, உடைத்து அதில் பெராக்சைடைக் கலந்தேன். உடனே ஓடியது. அப்புறம் எப்போதும் அதையேதான் ஊற்றினேன். குறிப்பேட்டில் சோம்பலில் ‘நீர்’ என்று எழுதியிருப்பேன். எனக்கு அது மிஷின் ஓடுவதற்காக ஊற்றியது, வினைக்கு என்று தோன்றவே இல்லை. நீங்கள் கட்டுரையில் ‘வடித்தெடுத்த தூய நீர்’ என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் பொறி தட்டியது. அந்த மிஷினில் ஒரு தடவையாவது கையால் ஊற்றிப் பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

வாரம் ஒரு பெட்டி குப்பி தீர்ந்ததே, அது இரைப்பால் இல்லை, நான் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனதால். அவளுக்கு உடம்பு தேறவில்லை அண்ணி, குப்பிதான் மிச்சமாகிறது. அதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

உப்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்கும் முழுக்கத் தெரியாது. உப்பு இருந்தால் துளிகள் ஒன்றையொன்று கிட்டே விடுவதில்லை என்று நினைக்கிறேன். சேராமல் பொடியாகவே கீழே வரைக்கும் வந்து சேருகின்றன. பூனைக்குட்டியின் நெற்றியில் பார்த்ததும் அதுதான். அங்கே இருந்ததும் மருந்தோடு கலந்த சலைன் புகைதானே.

இப்போது கவனமாகக் கேளுங்கள். பெரிய மிஷினில் உப்பு ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கிற தகடு அரித்துப் போய்விடும். பழைய மிஷின் போய்விட்டது என்றீர்கள். அதே ரகம் மருந்துக்கடையில் கிடைக்கும், சொல்லிவைத்து வாங்குங்கள். வீட்டு மிஷினை மட்டும் தொடாதீர்கள். பெராக்சைடும் அந்த எண்ணெயும் ஏறின கிண்ணத்தை எத்தனை கழுவினாலும் புகை வருகிற வலைக்கண்ணை விட்டுப் போகாது. அது அவள் மூச்சுக்குள் போகக் கூடாது. பச்சை நாடாவை நான் ஒட்டினது அதற்குத்தான், மாறிவிடக் கூடாது என்று.

நவம்பரில் எனக்கு விடுமுறை இருக்கிறது. வருகிறேன். இரண்டாவது பல்லை நான் வரும்வரை பிடுங்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 6

என் தங்கமே,

வந்துவிட்டது! குழுவில் வந்த ஐந்து பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். குழாயின் அடியில் சொட்டியதை எடுத்துச் சோதித்தபோது, அவர்களில் மூத்தவர் மறுபடி ஒரு தடவை செய்யச் சொன்னார், மறுபடியும் வந்தது. நம் கட்டுரை தப்பித்தது. உப்பு! எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. எவ்வளவு சின்ன விஷயம்.

திருத்தமும் போய்விட்டது. ‘தூய நீர்’ என்ற இடத்தில் ‘உப்பு நீர்’ என்று படிக்கவும் என்று. பெயர் விஷயம்தான் கொஞ்சம் இழுக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு திருத்தம் போட்டால் ஆய்விதழ்க்காரர்கள் சந்தேகப்படுவார்களாம். முதலில் இது போகட்டும், ஆறப் போட்டு அதைச் செய்யலாம் என்று இருக்கிறேன். நீ புரிந்துகொள்வாய். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அன்று மாலை பூனைக்குட்டிக்கு லேசாக இரைத்தது. உன் அண்ணன் சும்மா பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்றுமில்லை, மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ கவலைப்பட வேண்டாம்.

நவம்பரில் வா. உனக்குப் பிடித்த மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.

உன் அண்ணி


அக்டோபர் 12

பழையபடி நீ என்றே எழுதுகிறேன். பிரியத்தால் இல்லை.

அன்று மாலை அண்ணன் எனக்குப் போன் செய்தான். ஜூனிலிருந்து உங்கள் வீட்டுப் போனை எடுக்காதவள் அன்றைக்கு ஏனோ எடுத்துவிட்டேன். “மிஷின் எங்கம்மா இருக்கும்? உனக்குத் தெரியுமா? அலமாரியில இல்ல, எங்கேயும் இல்ல. உன் அண்ணி போனை அணைச்சு வெச்சிருக்கா” என்றான். பின்னால் பூனைக்குட்டியின் மூச்சு எனக்குக் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டது. தேடாதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு என்றேன். அவள் என் குரலைக் கேட்டிருக்கிறாள். “அத்” என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

இரவு மாற்றுத் துணி எடுக்க அண்ணன் வீட்டுக்கு வந்தால் மிஷின் சோபாவுக்கு அடியில் இருந்ததாம். நீ எடுத்துக் காட்டினாயாம். நன்றாகக் கழுவித் துடைத்துக்கூட வைத்திருந்தாயாம். அண்ணன் பெருமையாகச் சொன்னான்.

சரிசரிக்குப் போன் செய்தேன். “ஆமாம்மா, உங்க அண்ணி வீட்டுல இருந்து குழந்தையோட சின்ன மிஷினைக் கொண்டுவந்தாங்க. கடையில கிடைக்கலைன்னாங்க. இத்தனூண்டு மிஷின்ல இவ்வளவு பெரிய வேலையான்னு வந்தவங்க எல்லாரும் அசந்துட்டாங்க” என்றார். என் பெயரைச் சேர்க்கச் சொல்லி உங்களுக்கு எழுதிக் கொடுத்தாளா என்று கேட்டேன். “பேரா? என்ன பேரு? என்கிட்ட யாரும் கேக்கலையேம்மா. கேட்டிருந்தா சரின்னிருப்பேனே” என்றார். அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். நீ எப்போதாவது ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், முதலிலேயே, அந்த ஒரு வார்த்தை.

அவள் தலையில் கை வைத்தாய். சத்தியத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதனால் எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கையை வைத்த தலைக்குக் கீழே இருக்கிற மூச்சை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாயே. தொடாதே என்று எழுதியிருந்தேன். ஏன் என்றும் எழுதியிருந்தேன். நான் எழுதியதில் உனக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டாய். எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியாது, அந்தக் கிண்ணம் மறுபடி அவள் முகத்துக்குப் போய்விடும். உடனே குப்பையில் போடச் சொன்னேன். ஏன் என்றான். சொன்னேன். “அவளா?” என்றான். நான் ஒரு காலத்தில் உன்னைப் பற்றிச் சொன்னபோதும் இதே வார்த்தையைத்தான் கேட்டான், அன்று சிரித்துக்கொண்டே. உன்னை அவனுக்குக் காட்டினவள் நான்.

கட்டுரையில் என் பெயர் வேண்டாம். ஆய்விதழுக்கும் எழுதப் போவதில்லை. வேலை தேடிப் போகிற இடத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், பரவாயில்லை. உன் பெயர் இருக்கிற காகிதத்தில் எனக்கு இடம் வேண்டாம்.

நவம்பரில் வரமாட்டேன். பூனைக்குட்டியிடம் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்.

இதோடு வருகிற பெட்டியில் மூச்சு மிஷின் ஒன்று இருக்கிறது. அதே ரகம், புதிது. இங்கே முதல் கடையிலேயே கிடைத்தது. மூடியில் எதுவும் ஒட்டவில்லை, இது அவளுக்கு மட்டும். யார் அனுப்பியது என்று அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். பேரை விட்டுவிடுவது உனக்குச் சிரமமாக இருக்காது.